மராமா: கலஹாரி மணலுக்கடியில் கிழங்கு, கொடியில் கொட்டை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானா நாட்டில் ஏழு வருடம் ஆசிரியராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். அங்கே பேருந்து நிலையத்தில் வறுத்து விற்கும் மராமா கொட்டையைப் பற்றி யாரிடம் பேச ஆரம்பித்தாலும் கேள்விகள் வரிசையாக வரும். அது அவரையா, கிழங்கா? பச்சையாகத் தின்னலாமா? நம்ம ஊரில் போட்டால் வருமா? ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

மராமா என்பது என்ன செடி?

அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த காட்டுக் கொடி. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் உள்ள வறண்ட சவானாவில், அதாவது புல்லும் முள்மரமும் கலந்த வெளிகளில், தானாக முளைத்துத் தரையோடு படரும். ஒரு கொடி 6 மீட்டர் வரைகூட ஓடும். மேலே மஞ்சள் பூவும் கட்டையான காயும், கீழே மணலுக்குள் கிழங்கும் இருக்கும். காயிலிருக்கும் கொட்டையும் உணவு, இளங்கிழங்கும் உணவு. ‘அவரையா, கிழங்கா’ என்று கேட்டால், இரண்டும்தான்.

அறிவியல் பெயர் டைலோசெமா எஸ்குலென்டம். எஸ்குலென்டம் என்றால் உண்ணத் தகுந்தது என்று பொருள். இங்கிலாந்திலிருந்து வந்த வில்லியம் பர்ச்செல் என்ற தாவர ஆய்வாளர் 1811 முதல் 1815 வரை தென்னாப்பிரிக்காவின் உட்பகுதிகளில் மாட்டு வண்டியில் சுற்றினார். அவர் இதை 1824இல் பாஹினியா எஸ்குலென்டா என்று பதிவு செய்தார். பாஹினியா என்பது நம்ம மந்தாரையின் பேரினம். பிற்காலத்தில்தான் மராமாவைப் பிரித்துத் தனிப் பேரினத்தில் வைத்தார்கள். பிரித்தாலும் உறவு விட்டுப்போகவில்லை, இரண்டும் நெருங்கிய சொந்தம்தான்.

இலையைப் பார்த்தால் அந்தச் சொந்தம் தெரிந்துவிடும். மந்தார இலையில் பொட்டலம் கட்டி வாங்கியவர்களுக்கு அந்த வடிவம் நினைவிருக்கும்: மாட்டுக் குளம்பு போல நடுவில் பிளந்த இரண்டு மடல். மராமா இலையும் அப்படியே. முதல் முறை அதைத் தரையில் பார்த்தபோது, யாரோ மந்தாரைக் கிளையை ஒடித்து மணலில் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

என்னென்ன பெயர்களில் சொல்கிறார்கள்?

போட்ஸ்வானாவின் செட்ஸ்வானா மொழியில் மொராமா. அதிலிருந்துதான் ஆங்கிலத்தில் மராமா என்று ஆனது. ஹெரேரோ மக்கள் ஒம்பனுயி என்பார்கள். கலஹாரியின் ஆதிக்குடிகளான, குங் மொழி பேசும் சான் மக்கள் நாக்கைச் சொடுக்கிச் சொல்லும் பெயரை ஆராய்ச்சியாளர்கள் ‘ட்சின்’ என்று எழுதினார்கள். நம் எழுத்தில் அந்தச் சொடுக்கொலியைக் கொண்டுவர வழியில்லை. ஆப்ரிக்கான்ஸ் மொழியில் பிராய்போன்ட்ஜி, அதாவது ‘சுட்டுத் தின்னும் அவரை’. கெம்ஸ்பாக் என்ற நீண்ட கொம்புடைய மானின் பெயராலும் இதை அழைப்பதுண்டு.

கலஹாரி பாலைவனம்தானே, அங்கே கொடி எப்படி வளர்கிறது?

வரைபடத்தில் பாலைவனம் என்று போட்டிருப்பதால் சகாரா மாதிரி வெறும் மணற்குன்றாக இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். போட்ஸ்வானாவின் பெரும்பகுதியில் பரந்திருக்கும் கலஹாரி, நான் பார்த்தவரை, அப்படி இல்லை. சிவந்த மணல், அதன்மேல் முழங்கால் உயரப் புல், அங்கங்கே முள்மரங்கள். கோடையில், அதாவது நவம்பர் முதல் மார்ச் வரை, மழை பெய்யும். பல இடங்களில் ஆண்டுக்கு 250 முதல் 500 மில்லிமீட்டர். ஆனால் பெய்த தண்ணீர் நிற்காது, மணல் குடித்துவிடும். மழைக்காலம் முடிந்து சில வாரங்களில் நிலத்தின் மேல் தண்ணீர் என்று ஒன்று கண்ணில் படாது. மழையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஒரு வருடம் கொட்டும், அடுத்த இரண்டு வருடம் ஏமாற்றும்.

அந்த ஊர் வானிலைக்கு மராமா தன் வாழ்க்கையை இரண்டு அடுக்காக வைத்துக்கொண்டிருக்கிறது. மேலே இருப்பது அந்த வருடத்துக்கு மட்டும். மே, ஜூனில் பனி விழ ஆரம்பித்தால் கொடி முழுவதும் கருகிக் காய்ந்துவிடும். நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும், கலஹாரியில் குளிர்கால இரவில் உறைபனி சாதாரணம். கீழே இருக்கும் கிழங்குதான் நிரந்தரம். செப்டம்பர், அக்டோபரில் வெயில் ஏறியதும் அதன் தலையிலிருந்து புதுத்தளிர் கிளம்பும்.

இலையும் சிக்கனக்காரி. உச்சி வெயிலில் இரண்டு மடலையும் புத்தகம் மூடுவது போல மடித்துக்கொள்ளும். வெயில் நேராகப் படும் பரப்பு குறையும், நீர் ஆவியாவதும் குறையும். காலையில் விரிந்து கிடந்த கொடியை மதியம் பார்த்தால் வாடிவிட்டதோ என்று தோன்றும், வாடியிருக்காது.

கிழங்கு எவ்வளவு பெரிதாகும்?

கேட்பவர்கள் அதிகம் நம்ப மறுப்பது இதைத்தான். போட்ஸ்வானாவில் தோண்டியெடுத்த ஒரு கிழங்கு 277 கிலோ இருந்ததாகப் பதிவு இருக்கிறது. மூன்று நான்கு ஆட்களின் எடை! எல்லாக் கிழங்கும் அப்படி ஆகாது. ஆனால் சில வருடத்தில் 10 கிலோவைத் தொடுவது சாதாரணம், வயதாக ஆகப் பெருத்துக்கொண்டே போகும்.

அந்த எடையில் பெரும்பங்கு தண்ணீர். பெரிய கிழங்கில் 90 சதவீதம் வரை நீர் இருக்கும். நம் ஊரில் தண்ணீர்விட்டான் கிழங்கு என்று ஒன்றுக்குப் பெயர் வைத்திருக்கிறோமே, அந்தப் பெயர் மராமாவுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். மழை பெய்யும் ஐந்து மாதத்தில் குடித்ததை வைத்துக்கொண்டு மீதி ஏழு மாதத்தைத் தள்ளுகிறது. மழை பொய்த்தாலும் அந்தச் சேமிப்பை வைத்தே அடுத்த தளிரை விடுகிறது.

எல்லாக் கிழங்கையும் சாப்பிடலாமா?

சாப்பிட ஏற்றது இளங்கிழங்கு. ஒரு கிலோவுக்குள், ஒன்றிரண்டு வயதுக்குள் இருக்க வேண்டும். சாம்பலில் சுடலாம், வேகவைக்கலாம். இனிப்பு கலந்த இதமான சுவை, உருளைக்கிழங்கு மாதிரி துணைக்கறியாக எடுபடும். வயதான கிழங்கு நாரோடி, உள்ளே செம்பழுப்பாகி, வாயில் வைத்தால் துவர்க்கும். பிஞ்சு வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்தால் நாக்கு இழுக்குமே, அந்தத் துவர்ப்பு.

அப்படியென்றால் முதிர்ந்த கிழங்கு வீண் என்று நினைக்கக் கூடாது. வறட்சியில் மனிதருக்கும் விலங்குக்கும் அதுதான் அவசரத் தண்ணீர். கலஹாரியில் சான் மக்கள் பல மாதங்கள் திறந்த நீர்நிலையே இல்லாமல் வாழ்ந்தவர்கள். காட்டுத் தர்ப்பூசணியும் நீர்க்கிழங்குகளும்தான் அவர்களுக்குக் குடிநீர். எந்தச் செடி அடியில் தண்ணீர் வைத்திருக்கிறது, எதைத் தொடக் கூடாது என்பது தாயிடமிருந்து மகளுக்கு வந்த அறிவு.

கிழங்கைத் தோண்டினால் கொடி செத்துவிடாதா?

செத்துவிடும். மறைக்க ஒன்றுமில்லை. அடுத்த வருடத் தளிர் கிளம்புவதே கிழங்கின் தலையிலிருந்துதான். முழுக்கிழங்கையும் எடுத்தால் அந்தச் செடியின் கதை முடிந்தது.

மராமாவைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் போதும் என்றே எனக்குத் தோன்றும். கொட்டையைப் பொறுக்கினால் கொடி அடுத்த வருடமும் காய்க்கும், அதற்கடுத்த வருடமும் காய்க்கும். கிழங்கை எடுத்தால் ஒரு வேளைச் சாப்பாடு. அதனால் கொட்டைதான் வருடாவருடம் சேகரிக்கும் உணவு. கிழங்கு எப்போதாவது, அளவாக. அவசரத்துக்குத் தோண்டுவது பசித்தவரின் உரிமை, அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வெளியிலிருந்து வரும் வியாபாரி ‘அபூர்வக் கிழங்கு, கிலோ இவ்வளவு’ என்று விலை பேச ஆரம்பித்தால் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். பத்து வருடத்தில் வளர்ந்த ஒன்று ஒரு காலைப் பொழுதில் காணாமல் போகும். இணையத்தில் மராமாவைப் பற்றி ஆர்வமாக எழுதுகிறவர்கள் எல்லோரும் இதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

கொட்டை எப்படி இருக்கும்? என்ன ருசி?

கோலிக்குண்டு அளவில், கொஞ்சம் தட்டையாக இருக்கும். நிறம் புளியங்கொட்டை நிறம், ஓடும் அதே மாதிரி கெட்டி. ஒன்று 2, 3 கிராம் எடை. ஓட்டை உடைத்தால் உள்ளே வெளிர்மஞ்சள் பருப்பு இரண்டு பாதியாகப் பிரியும்.

போட்ஸ்வானாவின் தலைநகர் கபரோனேயின் பேருந்து நிலையத்தில் நான் வழக்கமாக வாங்கியது வயதான ஓர் அம்மாவிடம். அங்கே பெரியவர்களைப் பார்த்து ‘டுமெலா, ம்மா’ என்றுதான் வணக்கம் சொல்ல வேண்டும். முதல் நாள் அந்த ‘ம்மா’ என் வாயில் ‘அம்மா’ என்றே வந்துவிட்டது. அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, அதற்கப்புறம் நானும் மாற்றிக்கொள்ளவில்லை. தகர டம்ளரில் அளந்து காகிதத்தில் கொட்டிக் கொடுப்பார். வறுத்ததில் ஓடு ஏற்கனவே விரிசல் விட்டிருக்கும். ஆனாலும் பல்லால் கடிக்க விட மாட்டார். கூடைக்குப் பக்கத்தில் இரண்டு கல் வைத்திருந்தார். கீழ்க்கல்லில் ஒரு சின்னக் குழி, நாள்பட்ட புழக்கத்தில் தேய்ந்து உண்டானது. கொட்டையை அதில் விளிம்பு மேலே இருக்கும்படி நிறுத்தி மேல்கல்லால் ஒரே ஒரு தட்டு. ஓடு இரண்டாகப் பிளந்து பருப்பு முழுசாக வரும். நான் தட்டினால் பருப்பும் நொறுங்கிவிடும். படுக்க வைத்துத் தட்டியதுதான் தப்பு என்று நிறுத்திக் காட்டினார்.

ருசியைச் சொல்வதென்றால், வறுத்த முந்திரிக்கும் சுட்ட பலாக்கொட்டைக்கும் நடுவில். முந்திரியின் எண்ணெய்ப்பசை உண்டு, பலாக்கொட்டையின் மாவு மணம் உண்டு. நன்றாக வறுபட்டதில் கடைசியில் காப்பிக்கொட்டை போல மெல்லிய கசப்பு தங்கும். எனக்கு அந்தக் கசப்புதான் பிடித்தது.

பச்சையாகச் சாப்பிடலாமா?

முற்றிய கொட்டையைப் பச்சையாகச் சாப்பிட வேண்டாம். கொழகொழப்பாக இருக்கும், ருசியும் இருக்காது. அதைவிட முக்கியம், பச்சைக் கொட்டையில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள்கள் நிறைய உண்டு. சோயாவிலும் இருப்பதுதான், இதில் அதிகம். சூடு பட்டால் அவை செயலிழந்துவிடும். அதனால்தான் வறுப்பது வெறும் ருசிக்காக மட்டும் இல்லை. முற்றாத இளங்கொட்டையையும் சமைத்துச் சாப்பிடுவதுண்டு.

எப்படிச் சமைக்கிறார்கள்?

சூடான மணலிலோ சாம்பலிலோ போட்டு வறுப்பது பழைய முறை. நம் ஊரில் மணல் போட்டுக் கடலை வறுப்பது போலத்தான், சூடு எல்லாப் பக்கமும் ஒரே சீராக ஏறும். வறுத்து உடைத்து அப்படியே தின்பது பாதி. மீதியை இடித்துக் கஞ்சியில் சேர்ப்பார்கள், தண்ணீரில் கொதிக்கவைத்துக் கொக்கோ மாதிரி குடிப்பதும் உண்டு. சோளமாவுக் களியில் ஒரு கைப்பிடி மராமாத் தூள் விழுந்தால் மணமே வேறு.

தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் உணவியல் ஆய்வாளர்கள் மராமா மாவைப் பற்றி ஆய்வு செய்திருக்கிறார்கள். சோயாப்பால் மாதிரி மராமாப்பால் எடுக்கும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. கெட்டி ஓடு இருப்பதால் உடைக்காத கொட்டை வருடக்கணக்கில் கெடாது. குளிர்பதனப் பெட்டி இல்லாத ஊரில் இது எவ்வளவு பெரிய வசதி என்று சொல்லத் தேவையில்லை.

சத்து எவ்வளவு?

கொட்டையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புரதம், அதே அளவோ கொஞ்சம் கூடவோ எண்ணெய். ஒப்பிட்டுப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். சோயாவில் புரதம் இதே அளவு, ஆனால் எண்ணெய் 20 சதவீதம்தான். நிலக்கடலையில் எண்ணெய் நிறைய, புரதம் இதைவிடக் குறைவு. மராமா இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிறது. எண்ணெய் பொன்மஞ்சள் நிறம், ஆலிவ் எண்ணெயில் இருக்கும் ஒலிக் அமிலமே இதிலும் பெரும்பங்கு. மற்ற பருப்புகளைப் போலவே புரதத்தின் கூறுகளில் லைசின் நிறைய உண்டு, மெத்தியோனின் குறைவு. சோளக்களியோடு சேர்த்துச் சாப்பிடும்போது ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும், நாம் சோற்றோடு பருப்பு சேர்ப்பது போல. கொட்டையில் மாவுச்சத்து மிகக் குறைவு, அது கீழே கிழங்கில்தான்.

அவரைக் குடும்பம் என்றால் வேர்முடிச்சு இருக்க வேண்டுமே?

பள்ளியில் படித்ததை வைத்து நானும் அப்படித்தான் நம்பினேன். உளுந்து, நிலக்கடலை வேரைப் பிடுங்கினால் சின்னச் சின்ன உருண்டைகள் இருக்கும், உள்ளே பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும். மராமா வேரில் அந்த முடிச்சுகள் கிடையாது. மந்தாரைக்கும் கிடையாது, அந்தக் கிளையின் குணம் அது. நைட்ரஜனுக்கு உதவியாளே இல்லாமல், சத்தில்லாத மணலில் நின்றுகொண்டு, மூன்றில் ஒரு பங்கு புரதம் உள்ள கொட்டையைக் கொடுக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். நிலத்தை வளப்படுத்தும் என்று சிலர் எழுதுகிறார்கள், அது சரியில்லை.

யாருடைய உணவு இது?

முதலில் சான் மக்களுடையது. போட்ஸ்வானா, நமீபியா எல்லையில் டோபே என்ற இடம் இருக்கிறது. மானுடவியலாளர் ரிச்சர்ட் லீ 1963 முதல் அங்கே குங் மக்களோடு தங்கி அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், அதற்கு எவ்வளவு நேரம் செலவாகிறது என்று அளந்து எழுதினார். உண்ணத் தகுந்த தாவரங்கள் என்று 105 வகையை அவர்கள் அறிந்திருந்தார்கள். அதில் மொங்கோங்கோ என்ற மரத்தின் கொட்டைக்கு முதலிடம். அதற்கு அடுத்த நிலை மராமாவுக்கு. ‘வேட்டையாடிகள்’ என்று உலகம் பெயர் வைத்த மக்களின் உணவில் பெரும்பகுதி தாவர உணவு, பெண்கள் சேகரித்துக் கொண்டுவந்தது என்பதை அந்த ஆய்வு எடுத்துக்காட்டியது.

செட்ஸ்வானா பேசும் ட்ஸ்வானா மக்களும் ஹெரேரோ மக்களும் இதைச் சேகரிக்கிறார்கள். ஏப்ரல் வாக்கில் காய் முற்றி வெடித்து, கொட்டை தரையில் சிதறும். தாமதித்தால் விலங்குகள் முந்திக்கொள்ளும். விற்றால் கையில் காசு வரும் என்பதால் ஏழைக் குடும்பங்களுக்கு அந்த சில வாரங்கள் முக்கியமானவை.

இவ்வளவு நல்ல செடியை ஏன் யாரும் பயிராக்கவில்லை?

முயற்சி இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 1979இல் வெப்பமண்டல அவரைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையிலேயே மராமாவைக் கவனிக்கச் சொன்னது. ஆப்பிரிக்காவுக்கு வெளியிலும் நட்டுப் பார்த்திருக்கிறார்கள். நமீபியா, போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களும் அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகமும் இதன் மரபணுவை ஆராய்ந்திருக்கின்றன. ஆனாலும் செடி மனிதனுடைய அவசரத்துக்கு இணங்குவதில்லை.

முதல் தடை, காலம். விதை போட்டு முதல் காய் பார்க்க இரண்டு முதல் நான்கு வருடம் ஆகும். சோயா நூறு நாளில் அறுவடைக்கு வரும்போது, கடன் வாங்கி விதைக்கும் விவசாயி நான்கு வருடம் எப்படிக் காத்திருப்பார்? இரண்டாவது, காய்ப்பு குறைவு. ஒரு காயில் பெரும்பாலும் ஒன்றிரண்டு கொட்டைதான். கொடி தரையில் பரந்து கிடப்பதால் இயந்திரம் விட்டு அறுக்க முடியாது. காய் தானாக வெடித்துச் சிதறும்.

மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது, கேட்கவும் சுவையானது. மராமாப் பூவில் இரண்டு வகை உண்டு. சில செடிகளில் சூல்தண்டு நீளமாகவும் மகரந்தத்தாள் குட்டையாகவும் இருக்கும், சிலவற்றில் நேர்மாறு. ஒரு செடியின் பூ தன் மகரந்தத்தால் காய் பிடிக்காது, தன் வகைச் செடியின் மகரந்தத்தாலும் பிடிக்காது. எதிர் வகையிலிருந்து பூச்சி சுமந்து வர வேண்டும். மராமாவில் இப்படி இரு வகைப் பூ இருப்பதும் அது எப்படி வேலை செய்கிறது என்பதும் 2002இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. தோட்டத்தில் ஒரே ஒரு செடி வைத்து ‘காய்க்கவே இல்லை’ என்று சொல்பவர்களுக்கு பதில் இதுதான். இன்னொரு விளைவும் உண்டு. ஒவ்வொரு விதையும் இரண்டு வேறு செடிகளின் கலப்பு. நல்லா காய்க்கிற தாயின் விதையைப் போட்டால் பிள்ளையும் அப்படியே காய்க்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

என் கருத்து என்னவென்றால், மராமாவை இன்னொரு சோயாவாக மாற்றப் பார்ப்பது சரியான வழி இல்லை. அது வளரும் இடத்தில் நன்றாகக் காய்க்கும் செடிகளை அடையாளம் கண்டு, அங்குள்ள மக்களே கிராமத்தை ஒட்டி நட்டுக்கொள்ள உதவினால் போதும். நான்கு வருடம் காத்திருப்பது வயலில் கடினம். வீட்டுக்குப் பின்னால் தென்னம்பிள்ளை வைக்கிறவர் அதைவிட அதிகம் காத்திருக்கிறாரே.

தமிழ்நாட்டில் வளர்க்கலாமா?

அதிகம் வரும் கேள்வி இது. தேரிக்காட்டுச் செம்மண் மணலைப் பார்த்தால் எனக்கே கலஹாரி நினைவு வரும். ஆனால் மணல் மட்டும் போதாது. மராமாவுக்கு நீர் தேங்காத ஆழமான மணல் வேண்டும், காய்ந்து உறங்க நீண்ட வறண்ட குளிர்காலம் வேண்டும். நம் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் நாட்களில் தண்ணீர் நிறைந்த கிழங்கு அழுகுவதற்கு வாய்ப்பு அதிகம். கரிசல் மண்ணை நினைத்தே பார்க்க வேண்டாம்.

சட்டமும் இருக்கிறது. வெளிநாட்டு விதையைப் பயணப்பையில் போட்டுக் கொண்டுவருவது குற்றம். 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையின்படி இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டுச் சான்றும் வேண்டும். தெரியாத நோயும் பூச்சியும் விதையோடு வந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது, மதித்து நடக்க வேண்டியது. நான் ஊருக்கு ஒன்றைக்கூடக் கொண்டுவரவில்லை.

இப்படிக் கிழங்கு விடும் அவரைகள் வேறு உண்டா?

உண்டு. மராமாவின் பங்காளியான டைலோசெமா பாசோக்லென்ஸ் கிழக்கு ஆப்பிரிக்க சவானாக்களில் பரவலாக இருக்கிறது. கென்யாவின் லுவோ மக்கள் அதை ஒம்பாசா என்பார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில், முக்கியமாக நைஜீரியாவில், ஆப்பிரிக்கக் கிழங்கவரை என்று ஒன்றைப் பயிரிடுகிறார்கள், விதை, கிழங்கு இரண்டும் உணவு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பயற்றுக் குடும்பத்துக் காட்டுக்கொடி ஒன்று, விக்னா வெக்சிலாட்டா, கிழங்கு விடுகிறது. ஆப்பிரிக்கா முதல் ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கும் இந்தக் கொடியின் கிழங்கைப் பல நாடுகளில் சாப்பிடுகிறார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் காட்டில் கண்ட கிழங்கைத் தோண்டிச் சாப்பிட வேண்டாம். மராமா வளரும் அதே ஆப்பிரிக்கத் தென்பகுதியில் நியோரௌடானெனியா என்ற இன்னோர் அவரைக் குடும்பக் கொடியும் பெரிய கிழங்கு விடும். அது நஞ்சு, இடித்து மீனை மயக்கப் பயன்படுத்துவார்கள். காலம் காலமாகத் தின்றுவந்தவர்கள் கைகாட்டாத எதையும் வாயில் வைக்கக் கூடாது.

மராமா எண்ணெய், மாவு என்று விற்பனைக்கு வந்தால் வாங்கலாமா?

யாரிடமிருந்து வந்தது என்று கேட்டு வாங்குங்கள். ஹூடியா என்ற கலஹாரிச் செடியின் கதை எல்லோருக்கும் தெரிய வேண்டும். நீண்ட வேட்டைப் பயணத்தில் பசியை அடக்கச் சான் மக்கள் மென்றுவந்த செடி அது. 1990களில் தென்னாப்பிரிக்க அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனம் அதன் பசியடக்கும் பொருளுக்குக் காப்புரிமை எடுத்தது, சான் மக்களைக் கேட்காமலே. அவர்கள் போராடி, 2003இல்தான் வருமானத்தில் பங்கு தரும் ஒப்பந்தம் கையெழுத்தானது. வேம்புக்கும் மஞ்சளுக்கும் காப்புரிமை எடுத்தபோது நமக்கு எப்படிக் கொதித்தது! அவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். மரபு அறிவுக்கும் உயிர்வளத்துக்கும் உரிய பங்கைத் தர வேண்டும் என்று சொல்லும் நகோயா சர்வதேச உடன்பாடு 2014இல் நடைமுறைக்கு வந்தது. மராமாவில் யாராவது பணம் பார்த்தால், பொறுக்கிய பெண்ணுக்கு அதில் என்ன கிடைக்கிறது என்பதுதான் நம் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

நேரில் பார்க்க எப்போது போகலாம்?

பூ பார்க்க வேண்டுமென்றால் டிசம்பர், ஜனவரி. கொட்டைக்கு ஏப்ரல், மே. ஜூலையில் போனால் ஒன்றும் தெரியாது, வெறும் மணலும் காய்ந்த புல்லும்தான்.

நான் ஒரு ஜூலை மாதம் உடன் வேலை பார்த்த ஆசிரியை ஒருவரின் அம்மாவோடு அவர்கள் ஊர் மேய்ச்சல் வெளியில் நடந்தேன். அவர் திடீரென்று நின்று, குனிந்து, கருகிய நூல் மாதிரி ஒன்றை விரலில் எடுத்துக் காட்டினார். போன வருடக் கொடியின் மிச்சம். அதைப் பிடித்தபடியே இரண்டு எட்டு வைத்து, மணலில் ஓர் இடத்தைக் கையால் தட்டினார். ‘இங்கே இருக்கிறது, என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருக்கிறது’ என்று மகள் மொழிபெயர்த்தாள். தோண்டிக் காட்டட்டுமா என்று அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த நூலைத் திரும்ப மணல்மேலேயே வைத்துவிட்டு நடந்தோம்.